மானிப்பாயில் கற்பித்த அங்காதிபாதம்

ரொறன்ரோவில் வாழும் நண்பரொருவரின் மகள் விடுமுறைக்கு ஊர் வந்தபோது என்னைப் பார்க்க வந்திருந்தார். எனக்கு மருமகள் முறை. அங்குள்ள சமுதாயக் கல்லூரியொன்றில் உடலமைப்பியலும் உடற்றொழிலியலும் கற்பிக்கிறார். தாதியராகவும் முதியோரைப் பராமரிப்போராகவும் அம்புலன்ஸ் வண்டியிற் பணியாற்றுவோராகவும் வர விரும்புவோர் முதலிற் கற்க வேண்டிய பாடம் அது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு வருகின்ற இளவயதினரும், பகல் முழுவதும் தொழிற்சாலையில் நின்றுவிட்டு மாலை வகுப்புக்கு ஓடிவருகின்ற ஐம்பது வயதினரும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பார்களாம். எலும்புகள் 206 என்பதில் தொடங்கி, குருதி இதயத்தின் நான்கு அறைகளையும் எந்த ஒழுங்கிற் கடக்கிறது என்பது வரை, எல்லாவற்றையும் இரண்டு பருவங்களுக்குள் முடித்தாக வேண்டும்.

அவருடைய வகுப்பில் வடமராட்சியைச் சேர்ந்த ஓர் அம்மையார் இருக்கிறாராம். 1980களில் உயர்தரத்தில் உயிரியல் கற்றவர். பல்கலைக்கழகம் போகவேண்டியவர் அகதியாய்ப் போனார். அவருடைய கொப்பியை ஒருநாள் வாங்கிப் பார்த்தபோது, ஆங்கிலக் குறிப்புகளின் ஓரமெங்கும் பென்சிலால் நாடி, நாளம், இழையம், கலம், சதையி என்று எழுதியிருந்ததாம். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் மனப்பாடம் செய்தவை. மருமகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வரும். ஆனால் தாம் நாள்தோறும் கற்பிக்கும் பாடத்திற்குத் தமிழில் இத்தனை சொற்கள் உண்டென்பது அவருக்கு அன்றுதான் தெரியவந்தது.

"மாமா, இந்தச் சொல்லுகள் எல்லாம் ஆர் உண்டாக்கினது? எங்கட ஆக்கள் இந்தப் பாடத்தை முழுசாத் தமிழிலை படிப்பிச்சிருக்கினமா?" என்று கேட்டார்.

"படிப்பித்திருக்கினம். மானிப்பாயிலை" என்றேன். நான் பகிடி விடுவதாக எண்ணிச் சிரித்தார். அன்று மாலை அவருக்குச் சொன்னவற்றையும், சொல்லும்போது நினைவுக்கு வராது பின்னர் நூல்களைப் புரட்டியபோது அகப்பட்டவற்றையும் சேர்த்து இங்கு எழுதுகிறேன்.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திற்கு 1816 இல் வந்தனர். அவர்களுள் முதல் மருத்துவரான ஜோன் ஸ்கடர் 1820 இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறி எழுந்தது. அங்கு வானியலும் கணிதமும் மெய்யியலும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. தமிழ் இலக்கணமும் இடம்பெற்றது. ஸ்கடருக்குப் பின் நேதன் வார்ட் என்ற மருத்துவர் வந்து போனார். 1847 இல், இருபத்தைந்து வயதை எட்டிய சாமுவேல் பிஸ்க் கிறீன் வந்து சேர்ந்தார்.

மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரிலே, கிறீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையிற் பிறந்தவர் அவர். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று 1845 இற் பட்டம் பெற்றார். அவருடைய தமையனார் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க்கின் சென்ட்ரல் பூங்காவை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1898 இல் பல பட்டினங்களை இணைத்து இன்றைய பெருநகரை அமைத்த முயற்சியின் தந்தை என்றும் அவரைச் சொல்வார்கள். அண்ணன் நியூயோர்க்கைக் கட்டிக்கொண்டிருந்த காலத்திலே தம்பி மானிப்பாயில் ஓலைக் கொட்டில்களுக்குள் வாந்திபேதி நோயாளரைத் தேடிக்கொண்டிருந்தார். இன்று நியூயோர்க்கில் அண்ணனை அறிந்தவர் சிலரே. தம்பியின் பெயர் மானிப்பாயில் ஆஸ்பத்திரியின் பெயராக நிலைத்திருக்கிறது.

1848 இல் கிறீன் மாணவர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கற்பித்த மொழி ஆங்கிலம். அதில் அதிசயமில்லை. ஆசிரியருக்குத் தமிழ் வராது. மாணவரோ செமினறியில் ஆங்கிலம் கற்றவர்கள், பாடநூல்களும் ஆங்கிலத்தில் இருந்தன. அரசாங்க அதிபர் டைக் 1850 இல் யாழ்ப்பாண நகரிலே தொடக்கிவைத்த தருமவைத்தியசாலைக்கும் கிறீன் துணைநின்றார். பிற்காலத்தில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியாக வளர்ந்தது அதுதான்.

ஆனால் சில ஆண்டுகளில் ஒரு சங்கடம் தெரியவந்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவர் ஊரில் நிற்கவில்லை. மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலம் அது. ஆங்கிலம் தெரிந்த யாழ்ப்பாணத்தவனுக்குத் தோட்டத்திலும் கச்சேரியிலும் அரசாங்க வைத்தியசாலையிலும் வேலை காத்திருந்தது. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கிடைக்க, உடுவிலிலும் அராலியிலும் நெல்லையும் வாழைக்குலையையும் கூலியாகப் பெற்று வைத்தியம் பார்க்க எவன் நிற்பான்? அவர்களைக் குறைகூற எனக்கு நாவெழாது. என்னுடைய பேரனாரும் அந்த வண்டியிலேறிப் போன எழுதுவினைஞர்தான்.

கிறீன் கண்ட பரிகாரம் எளிது. தமிழிற் கற்றவன் தமிழரிடையே நிற்பான் என்று அவர் எண்ணினார். தமிழ்மொழியின் மீது கொண்ட பற்றினால் அவர் தமிழில் மருத்துவம் கற்பித்தார் என்று நம் மேடைகளிலே பேசுவதுண்டு. பற்று இருந்திருக்கலாம். ஆயினும் அவரை உந்தியது நோயாளர் பற்றிய கணக்கு. நோயாளருக்கு ஒரு மருத்துவனாவது நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும், அவன் தன் நோயாளியைப் போல உடுத்து, நோயாளி உண்பதை உண்டு, நோயாளியின் மொழியிற் சிந்திப்பவனாக இருக்கவேண்டும் என்பது அவருடைய நோக்கம். தம்மிடம் கற்றோர் தொப்பியும் சப்பாத்துமாகத் திரிவதை அவர் விரும்பவில்லை. கிறிஸ்தவராயினும் வேட்டி சால்வையோடு தமிழராகவே இருக்கவேண்டும் என்றார். மதம் மாற்ற வந்த ஒருவர் இப்படிச் சொன்னது சிலருக்கு முரணாகத் தோன்றும். அவருக்கு அது முரணாகத் தோன்றவில்லை.

1855 இல் இன்னொரு நிகழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. பொஸ்டனிலிருந்து வந்த மிஷன் செயலாளர் றூபஸ் அன்டர்சன், ஆங்கிலக் கல்வி மிஷனுக்கு ஊழியரைத் தராமல் அரசாங்கத்திற்கு எழுதுவினைஞரைத் தருகிறது என்று கண்டு வட்டுக்கோட்டைச் செமினறியை மூடவைத்தார். மூடியது பெரும் பிழை என்பது என் கருத்து. பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1872 இல், யாழ்ப்பாணக் கல்லூரி எழும்வரை அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. அன்டர்சனுக்கும் கிறீனுக்கும் கண்ணிற் பட்ட நோய் ஒன்றேதான். அன்டர்சன் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார். கிறீன் தமிழிற் பாடநூல் எழுத உட்கார்ந்தார்.

முதலில் வந்தது உடலமைப்பு நூல்தான். கல்வின் கட்டர் என்ற மசாசூசெற்ஸ் மருத்துவர், மருத்துவ மாணவருக்கு மட்டுமன்றிப் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று உடலமைப்பு, உடற்றொழில், உடல்நலம் மூன்றையும் சேர்த்து எழுதிய பாடநூல் அக்காலத்து அமெரிக்காவில் வெகுவாகப் பரவியிருந்தது. அதன் தமிழாக்கம் 1852 இல் 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்ற பெயரில் வெளிவந்தது. மருமகள் இந்தப் பெயரைக் கேட்டதும் மூச்சு வாங்கினார். பிரித்துச் சொன்னேன். அங்காதிபாதம், உடலுறுப்புகளைப் பற்றிய நூலுக்கு நம் வைத்திய மரபில் வழங்கிய பெயர். சுகரணம், உறுப்புகள் செவ்வனே தொழிற்படுதல். கரணம் என்றால் செயல் என்பதை வைத்து அச்சொல்லை நான் அவ்வாறு வாசிக்கிறேன். உற்பாலனம், உடலைப் பேணுதல். ஆக, ரொறன்ரோவில் இவர் இரண்டு பருவங்களிற் கற்பிக்கும் இரண்டு பாடங்களும், கூடவே மூன்றாவதொன்றும், ஒரே தலைப்பில் அடங்கியிருக்கின்றன.

தமிழில் உடலைக் கற்பிப்பதிலுள்ள இடர்ப்பாடு சொற்கள் இல்லாமை என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதற்கு மாறானது. சொற்கள் ஏற்கனவே மக்கள் வாயில் இருக்கின்றன, அவை வேறு எல்லைகளோடு இருக்கின்றன என்பதுதான் இடர்ப்பாடு. கிழவர் ஒருவரின் புறங்கையில் நீலமாகப் புடைத்திருப்பதை நாம் 'நரம்பு' என்போம். அது குருதி ஓடும் நாளம். மூளையிலிருந்து விரல்வரை உணர்ச்சியைக் கொண்டோடும் இழையும் 'நரம்பு'தான். பிடரியில் இழுத்துப்பிடித்தால் அதுவும் 'நரம்புப் பிடிப்பு'. சில வேளைகளில் தசைநாணையும் நரம்பென்று சொல்லிவிடுவோம். இந்த நான்கையும் மாணவனுக்குப் பிரித்துக்காட்ட வேண்டிய ஆசிரியர், ஒன்றுக்கு அந்தச் சொல்லைக் கொடுத்து, மற்ற மூன்றிலிருந்தும் அதைப் பறித்தாக வேண்டும். பறிக்கப்பட்டதை மாணவன் ஏற்றுக்கொள்வான். மாலையில் வீட்டுக்குப் போனதும் தாய் மறுபடியும் நாளத்தை நரம்பென்பாள்.

நாடி என்ற சொல்லும் அப்படித்தான். வைத்தியர் மணிக்கட்டிற் பிடித்துப் பார்ப்பது நாடி. வாதம், பித்தம், சிலேற்பனம் மூன்றும் அதில் நடக்கின்றன என்பது மரபு. இலங்கைப் பாடநூல்களில் அதே சொல் இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்லும் குழாயைக் குறிக்கிறது. ஈரல் இன்னொன்று. நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று மூன்று உறுப்புகளைத் தமிழ் ஒரே குடும்பமாக வகுத்திருக்கிறது. ஆடு உரித்தவன் கண்ணால் பார்த்து, கையால் தடவி வகுத்த பாகுபாடு அது. நுரைபோன்றது, கல்போல் இறுகியது, மண்நிறமானது. தொழிலை வைத்துப் பார்த்தால் இம்மூன்றுக்கும் உறவில்லை. ஆனாலும் எவ்வளவு அழகான பெயர்கள்! சிறுநீரகம் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த சொல். எங்கள் பாட்டிமார் அதைக் குண்டிக்காய் என்றார்கள். இன்று வகுப்பில் அச்சொல்லைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கிறீன் இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். முதலிற் தமிழில் தேடுவது, இல்லையேல் வடமொழியில் எடுப்பது, அங்கும் அகப்படாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு வளைத்துக்கொள்வது. மூன்றாம் வழிக்குச் சிறந்த சான்று 1875 இல் நாகர்கோவிலில் அச்சான அவருடைய இரசாயன நூலின் பெயர்: 'கெமிஸ்தம்'. தமிழறிஞர் முகம் சுளிப்பர். எனக்கு அந்தச் சொல்லைப் பிடிக்கும். வந்த விருந்தாளிக்கு வேட்டி உடுத்திவிட்டது போன்றிருக்கிறது.

கட்டரின் நூலோடு அவர் நிற்கவில்லை. மோன்செலின் பிரசவ வைத்திய நூல் 1857 இலும், துருயிற்றின் சத்திரசிகிச்சை நூல் 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867 இலும் தமிழில் வந்தன. ஹூப்பரின் நூல் 'வைத்தியாகரம்' என 1872 இல் வந்தது. அதே ஆண்டில், இவை யாவற்றிலும் பெரிய துணிச்சலாக, கிறேயின் உடலமைப்பியல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில் 838 பக்கங்களாக வெளிவந்தது.

இந்த இடத்திற் சற்று நிற்கவேண்டும். ஹென்றி கிறேயின் நூல் இலண்டனில் முதலில் வெளிவந்தது 1858 இல். உலகெங்கும் மருத்துவ மாணவர் இன்றும் அதன் புதிய பதிப்புகளைப் புரட்டுகின்றனர். எழுதிய கிறே 1861 இல், முப்பத்துநான்கு வயதில், பெரியம்மை கண்டு இறந்தார். படங்களை வரைந்தவர் எச். வி. கார்ட்டர் என்ற இளைஞர். உறுப்பின் பெயரைப் படத்திற்கு வெளியே எண்ணிட்டுக் குறிக்காமல், உறுப்பின் மீதே எழுதியது அவருடைய படங்களின் சிறப்பு. மாணவனின் கண் படத்திற்கும் அட்டவணைக்குமிடையில் அலையவேண்டியதில்லை. அந்தக் கார்ட்டர் நூல் வெளிவந்த ஆண்டிலேயே பம்பாய்க்குக் கப்பலேறி, அங்குள்ள கிறான்ட் மருத்துவக் கல்லூரியில் உடலமைப்பியலும் உடற்றொழிலியலும் கற்பித்தார். இலண்டன் பதிப்புக்கும் மானிப்பாய்ப் பதிப்புக்கும் இடையே பதினான்கு ஆண்டுகள்தாம். இன்று ஓர் ஆங்கில மருத்துவ நூல் பதினான்கு ஆண்டுகளுக்குள் முழுமையாகத் தமிழில் வருகிறதா என்று வாசகர்களே கேட்டுப் பார்க்கலாம்.

838 பக்கங்களுக்குள் அறுநூறுக்கு மேற்பட்ட தசைகளும், அவை தொடங்குமிடமும் முடியுமிடமும், ஒவ்வொன்றுக்கும் குருதி கொண்டுவரும் குழாயும், ஏவும் நரம்பும் பெயரோடு வரவேண்டும். ஒரு பெயரை ஓரிடத்தில் ஒருவிதமாகவும் வேறிடத்தில் வேறுவிதமாகவும் எழுதிவிட்டால் மாணவன் தவறான இடத்தில் கத்தி வைப்பான். இந்தக் காரணத்தினாலேயே நூல்களோடு கலைச்சொற்றொகுதிகளும் தொகுக்கப்பட்டன. பத்திரிகைக் கந்தோரில் ஒரு நாட்டின் பெயரை நான்குவிதமாக எழுதி அச்சிட்ட அனுபவம் எனக்கு உண்டு. அந்தக் கட்டுப்பாடு எத்தகையது என்பது ஓரளவு விளங்குகிறது.

இங்கு என் மனத்தை உறுத்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவை யாவும் கிறீனின் நூல்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நானும் மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஆயினும் தமிழ் வசனத்தை ஆக்கியவர்கள் பெரும்பாலும் அவரிடம் கற்ற யாழ்ப்பாணத்து மருத்துவர்கள். டான்போத், சப்மன், போல், சுவாமிநாதன் என்ற பெயர்கள் எங்கோ மூலையிற் கிடக்கின்றன. பெயரைப் பார்த்து வெள்ளையர் என்று மயங்கவேண்டாம். அமெரிக்க நன்கொடையாளரின் பெயரைத் தமிழ்ப் பிள்ளைக்கு இடுவது அந்நாளைய மிஷன் வழக்கம். கிறீன் திட்டமிட்டார், திருத்தினார், பணம் சேர்த்தார், சொல்லுக்குச் சொல் வாதாடினார். விளக்கொளியில் இருந்து எழுதியவர்கள் இவர்கள். கவிஞர் அம்பி 1967 இல் 'கிறீனின் அடிச்சுவடு' என்ற நூலை எழுதியிராவிடின் கிறீனையே நாம் மறந்திருப்போம். அந்த மாணவரைப் பற்றி அப்படியொரு நூல் தனியாக வேண்டும்.

கிறீன் 1857 இல் நாடு திரும்பி, 1862 இல் திருமணம் செய்து மனைவியோடு மீண்டார். இந்த இரண்டாம் வருகையில், 1864 அளவில், வகுப்பு முற்றாகத் தமிழுக்கு மாறியது. அவரிடம் கற்று வெளியேறிய மருத்துவர் அறுபதுக்கு மேற்பட்டோர், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிற் கற்றவர்கள். 1873 இல் உடல்நலம் குன்றி நிரந்தரமாக வூஸ்ரர் திரும்பினார். ஆனால் வேலையை விடவில்லை. கையெழுத்துப் பிரதிகள் கடல்வழியாக அங்குமிங்கும் பயணம் செய்தன. நியூயோர்க்கில் அவர் கற்ற அதே கல்லூரியிற் பின்னர் பேராசிரியராயிருந்த டோல்ரனின் உடற்றொழிலியல் நூல் 'மனுஷ சுகரணம்' என்று 1883 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் கிறீன் இறந்தார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்பதே அவருடைய கல்லறை வாசகத்தின் சாரம்.

பின்னர் என்னவாயிற்று? கொழும்பில் 1870 இலேயே அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருந்தது. கற்பித்த மொழி ஆங்கிலம். அங்கு கற்றவனுக்கு அரசாங்கப் பதவி, மானிப்பாயிற் தமிழிற் கற்றவனுக்கு ஊரார் மதிப்பு. பெற்றோர் எதைத் தேர்ந்தனர் என்று சொல்லவேண்டியதில்லை. கிறீனுக்குப் பிறகு தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. அச்சிட்ட நூல்கள் விற்கப்படாமற் கிடந்தன. தமிழில் மருத்துவம் சொல்ல முடியாதென்று எவரும் காட்டவில்லை. சொல்லி முடித்த பின்னரே அது கைவிடப்பட்டது. சான்றிதழின் பின்னால் சம்பளம் இல்லாத மொழி, எத்தனை பக்கம் அச்சிட்டாலும் வகுப்பறையில் நிற்காது.

இது யாழ்ப்பாணத்தின் தனிக்கதையன்று. கல்கத்தாவில் உள்நாட்டு மொழிகளில் மருத்துவம் கற்பித்த நிறுவனம் 1835 இல் மூடப்பட்டு, ஆங்கிலக் கல்லூரி எழுந்தது. பெய்ரூத்தில், கிறீனை அனுப்பிய அதே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கொர்னேலியஸ் வன் டைக், 1867 இற் தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் அரபு மொழியிற் கற்பித்தார், அரபில் நூல்களும் எழுதினார். 1880களில் அக்கல்லூரியும் ஆங்கிலத்திற்கு மாறியது. மானிப்பாயும் பெய்ரூத்தும் ஒரே பத்தாண்டிற் தாய்மொழிக்கு வந்து, ஏறக்குறைய ஒரே காலத்தில் அதை இழந்தன.

கிறீனின் நூல்களைப் பற்றிப் பேசுவோர் பக்கக் கணக்கைச் சொல்வார்கள். வாசித்தவர் குறைவு. நான் வாசிக்க முயன்றேன். வசனம் கரடுமுரடானது. வடசொல் அடர்ந்தது. ஒரு வாக்கியத்தை மூன்றுமுறை படித்தால்தான் எந்த எலும்பு எதனோடு பொருந்துகிறது என்று புரியும். தமிழில் இருந்தால் மட்டும் விளங்கிவிடும் என்பது மயக்கம்.

இருப்பினும் ஒரு காட்சியை மறக்க முடியாது. 1970களில் நிருபராயிருந்தபோது, வலிகாமம் மேற்கில் முறிவு வைத்தியர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏட்டுச்சுவடிகளுக்கு நடுவே தடித்த நூலொன்று அட்டையின்றிக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், மனுஷ அங்காதிபாதம். பாட்டனார் காலத்தில் வாங்கியது என்றார். எலும்புகளைப் பற்றிய முற்பகுதியின் தாள்கள் எண்ணெய் படிந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிலையில் இருந்தன. எண்ணெய்க் கையோடு மூன்று தலைமுறை புரட்டிய தாள்கள் அவை. மூளையும் நரம்பும் பற்றிய பிற்பகுதியைத் தொட்ட அடையாளமே இல்லை. கிறீன் எதிர்பார்த்த மாணவர் அவரல்லர். ஆனால் நடந்துபோகும் தூரத்தில் இருந்தார்.

இலங்கையில் தாய்மொழிக் கல்வி வந்தபின், 1950களில், அரசகரும மொழித் திணைக்களத்தார் அறிவியற் சொற்களைத் தொகுத்தனர். வடமராட்சி அம்மையார் கொப்பியின் ஓரத்தில் எழுதிய சொற்கள் அந்தக் காலத்துப் பாடநூல்களின் வழியாக வந்தவை, நேரே கிறீனிடமிருந்து வந்தவையல்ல. தமிழகத்தார் வேறு வழியிற் போயினர். நாம் நாடி, நாளம் என்பதை அவர்கள் தமனி, சிரை என்பர். நமது இழையம் அவர்களுக்குத் திசு. நமது கலம் அவர்களுக்குச் செல். சதையி அங்கே கணையம். ஒரே உடலுக்கு இரு தமிழ். மானிப்பாய் வகுப்பு நின்றுபோகாமல் இருந்திருந்தால் இரண்டுக்கும் ஒரு பொது அடி இருந்திருக்குமோ என்னவோ. சுகரணம் என்ற சொல்லை இன்று எவரும் அறியார். உடற்றொழிலியல் என்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் உயர்தரம் வரை தமிழில் உயிரியல் கற்கும் மாணவன், மருத்துவ பீடத்திற் கால்வைத்ததும் எல்லாவற்றையும் ஆங்கிலத்திற் புதிதாகக் கற்கிறான். பட்டம் பெற்றுத் தமிழ் நோயாளியின் முன் நிற்கும்போது பழைய சொற்கள் கைவிட்டுப் போயிருக்கும். என் தாயார் கடைசிக் காலத்தில் வைத்தியசாலையொன்றில் இருந்தபோது, இளம் வைத்தியர் ஒருவர் வந்து, "அம்மா, வயித்துக்குள்ளை ஒரு பகுதி வீங்கியிருக்கு" என்றார். நல்ல பிள்ளை, எங்கள் ஊர்ப்பக்கத்தவர். "எந்தப் பகுதி தம்பி?" என்று தாயார் கேட்டார். வைத்தியர் என்னைப் பார்த்தார். ஆங்கிலத்திற் சொன்னார். "சதையி அம்மா" என்றேன் நான், உதவியாசிரியராய்ச் சுகாதாரப் பக்கம் திருத்திய பழக்கத்தில். தாயார் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தச் சொல் அவருக்கும் தெரியாது. எண்பத்திரண்டு வயதுவரை தம் வயிற்றில் அப்படியொன்று இருப்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் என்று கட்டர் எழுதியதையும், எல்லாவற்றுக்கும் முன்னர் கிறீன் அதையே தமிழில் எடுத்ததையும் அன்றிரவு வாங்கில் இருந்து நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மருமகள், அடுத்தநாள் மானிப்பாய்க்குப் போய் ஆஸ்பத்திரியைப் பார்த்து வந்தார். வாசலிற் படம் எடுத்திருந்தார். புறப்படுமுன் கைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, கட்டர் நூலின் தமிழ்ப் பெயரைத் தாமே எழுதப்போவதாகச் சொன்னார். நான் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர் எழுதினார். வாங்கிப் பார்த்தேன். உற்பாலனத்தில் றகரத்தின் மேற் புள்ளி விடுபட்டிருந்தது. வைத்துக் கொடுத்தேன்.